பெரியம்மா வீட்டில் எட்டு நாள்

எங்கள் வீட்டில் அவித்த முட்டையை நூலால்தான் அறுப்போம். கத்தி வைத்தால் மஞ்சள் கரு உதிர்ந்துபோய், யாருக்கு எவ்வளவு என்று சண்டை வரும். அதற்காக அம்மா கண்டுபிடித்த வழி அது. தையல் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு நுனியை இழுத்துப் பிடித்து, முட்டையை அதில் வைத்து அழுத்துவாள். இரண்டு அறுப்பில் மூன்று துண்டு. நடுத்துண்டில் மஞ்சள் கரு அதிகம். அது தம்பிக்கு, ஏனென்றால் அவன் வெள்ளையைத் துப்பிவிடுவான். ஓரத்துண்டில் பெரியது அக்காவுக்கு, அவள் வளர்கிற பிள்ளையாம். மிச்சம் எனக்கு. ‘நான் மட்டும் வளரலையா’ என்று ஒருநாள் கேட்டேன். அம்மா அடுத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். கேள்வி அவள் காதில் விழவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது, அக்காவுக்கு ஒன்பது, தம்பிக்கு மூன்று. மேற்குத் தாம்பரத்தில் நான்கு குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் ஒரு அறையும் சமையலறையுமாக எங்கள் போர்ஷன். அப்பாவுக்குக் குரோம்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. எட்டு மணிக்கெல்லாம் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஸ்டேஷனுக்கு ஓடுவார். அதன் பிறகு வீடு அம்மாவின் கையில். ஒரு வாளி வெந்நீரில் மூன்று பேருக்குக் குளியல், ஒரே சீப்பில் மூன்று தலை. அக்காவுக்குச் சிறிதாகிப்போன யூனிஃபார்ம் எனக்கு வரும். என்னிடம் நைந்துபோவது கரித்துணியாகும். அம்மா என்னைக் கூப்பிட நினைத்தால் முதலில் தம்பி பெயர் வரும், அப்புறம் அக்கா பெயர் வரும், மூன்றாவதாகத்தான் என் பெயர். அதற்குள் எதற்குக் கூப்பிட்டாள் என்பதையே மறந்துவிடுவாள். அவளைக் குறை சொல்லவில்லை. இப்போது எனக்கு இரண்டே பிள்ளைகள். இருந்தும் இவனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

அம்மாவின் அக்காவைச் செம்பாக்கத்தில் கொடுத்திருந்தார்கள். பெரியப்பா குடும்பம் அந்த ஊரின் பழைய குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடி வீடாகி, பெரியப்பா மெயின்ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது. குளியலறையில் ஷவர் இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பெரியம்மா மட்டும்தான் பேசுவாள், அதுவும் விளையாட்டாக.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடைய ஸ்கூட்டி வாசலில் வந்து நிற்கும். ஹேண்டிலில் திராட்சையோ கொய்யாவோ தொங்கும். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள்.

“இன்னாடி இது, மூணையும் வெச்சிகினு இப்டி அல்லாடுற? ஒண்ண எங்கிட்ட குடுத்துடேன்.”

“எது வேணுமோ தூக்கினு போக்கா. இன்னும் ரெண்டு கீது எனக்கு,” என்பாள் அம்மா.

எல்லோரும் சிரிப்பார்கள். தம்பி ஓடிப்போய் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொள்வான். அக்கா பெரியமனுஷி மாதிரி, ‘ஐயே, நான் வரமாட்டேன்ப்பா’ என்பாள். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. பிள்ளை இல்லாதவர்கள் இருக்கும் வீடுகளில் இப்படி ஒரு பேச்சு வருஷக்கணக்காக ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேட்கிறவர் கையில் ஒரு பழப்பையும் வாயில் ஒரு சிரிப்பும் இருக்கிறவரை அது விளையாட்டுதான்.

எனக்கு மட்டும் அது விளையாட்டாகத் தெரியவில்லை. ஒரு இடம் காலியாக இருக்கிறது, அதற்கு மூன்று பேர் போட்டி, அதில் இரண்டு பேருக்கு விருப்பமில்லை என்பதாகவே எனக்குப் பட்டது. இப்படி ஒரு வாய்ப்பை விடலாமா? ஞாயிற்றுக்கிழமையானால் நானே தலைசீவி, பவுடர் பூசி, வாசலில் நின்றேன். பெரியம்மா உட்கார்ந்ததும் விசிறியை எடுத்து வீசினேன், மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தபோதும். தம்பி இன்னும் பாயில் ஒன்றுக்குப் போகிறான் என்ற செய்தியையும், அக்காவுக்குத் தலையில் பேன் இருக்கிறது என்ற செய்தியையும் வேறு வேறு ஞாயிறுகளில் அவள் காதில் போட்டுவைத்தேன். இரண்டும் உண்மைதான். என் தலையிலும் பேன் இருந்தது என்பதைச் சொல்லவில்லை.

அந்த வருஷம் மே மாதம், தம்பிக்கு அம்மை போட்டு இறங்கிய சமயம். அம்மா அரைத்தூக்கத்திலேயே நடமாடிக்கொண்டிருந்தாள். பெரியம்மா வந்தாள், வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நேராக சமையலறைக்குள் போய் அம்மாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். கதவு என்று ஒன்று அந்தச் சமையலறைக்குக் கிடையாது. இருந்தாலும் குரலைத் தாழ்த்திப் பேசியதில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. பல வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். பெரியம்மா அன்றைக்கு நிஜமாகவே கேட்டிருக்கிறாள். நடுவில் இருக்கிறவளை எனக்குக் கொடு, ஊரறிய எழுதியெல்லாம் வாங்கிக்கொள்ள மாட்டேன், என் வீட்டில் வளரட்டும், உன் பிள்ளைதான், நினைத்தபோது வந்து பார் என்று. அம்மா இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ‘லீவுக்கு ஒரு வாரம் கூட்டிகினு போ. அழுதா கொண்டாந்து வுட்டுடு. அழலன்னா… அவ இஷ்டம்க்கா’ என்று சொல்லியிருக்கிறாள்.

அம்மா செய்த ஒரே தப்பு அதுதான். தன் பிள்ளை இரண்டாம் நாளே ‘அம்மாகிட்டப் போணும்’ என்று அழுதுகொண்டு திரும்பிவிடும் என்று நம்பினாள். தன் அக்காவிடம் முகத்துக்கு நேராக மறுக்க அவளால் முடியவில்லை. அந்த மறுப்பை என் அழுகை சொல்லிவிடும் என்று விட்டுவிட்டாள். எந்த அம்மாவும் அப்படித்தான் கணக்குப் போடுவாள். அவள் பெற்றது எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரி என்பதைக் கவனிக்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை.

ஸ்கூட்டியில் முன்னால் நின்றுகொண்டு போனேன். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போது பெரியம்மா என் காதருகே குனிந்து சொன்னாள்: “அழாம இருந்தியானா உன்ன இங்கியே வெச்சிக்கிறேன். சரியா?”

சரி என்றேன். எனக்கு அது பரீட்சையாகிவிட்டது.

பெரியம்மா வீட்டு வாழ்க்கையைச் சொல்லவேண்டும். முட்டை முழுசாக வந்தது. தட்டில் ஒற்றை ஆளாக அது உருண்டபோது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பாதி தின்றதும் திகட்டிவிட்டது. யாரிடம் கொடுப்பது என்று திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. எனக்கென்று தனிக் கட்டில், தனி சோப்பு, பூப்போட்ட டம்ளர். பெரியம்மா என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள், முதல் முறையே சரியாக. அதைக் கேட்பதற்காகவே முதல் கூப்பாட்டுக்கு நான் பதில் சொல்லாமல் இருந்து, இரண்டாவது முறையும் கூப்பிட வைத்தேன். என் தலையில் பேன் இருப்பதை அவள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை. மொட்டைமாடியில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, ஏரிப் பக்கமிருந்து வரும் காற்றில் ஒவ்வொரு மயிராகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். அம்மாவாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் தலையில் ஒரு குட்டு வைத்து எழுப்பி விட்டிருப்பாள். பெரியம்மா ஒரு பேனுக்கு ஒரு பொழுதையே கொடுத்தாள்.

மூன்றாம் நாள் குரோம்பேட்டைக்குக் கூட்டிப்போய் நான்கு கவுன் எடுத்தாள். வேறு யாரும் போட்டுக் கழித்த கவுன் இல்லை என்பதால் கழுத்துப் பக்கம் விறைப்பாக உறுத்தியது. நான்காம் நாள் பெரியப்பா கடையிலிருந்து வரும்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு விண்ணப்பம் வாங்கிவந்தார். கூச்சமுள்ள மனிதர். அதை என்னிடம் காட்டாமல் டிவி மேல் வைத்துவிட்டு, ‘ஸ்கூல் கிட்டக்கதான். நடந்தே போயிடலாம்’ என்று டிவியைப் பார்த்துச் சொன்னார்.

ஆக, எல்லாம் நான் திட்டம் போட்டபடியே நடந்தது. ஒன்றைத்தான் நான் திட்டத்தில் சேர்க்கவில்லை. சாயங்காலம் ஆறு மணி என்று ஒன்று வரும் என்பதை. எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு அம்மா தம்பியின் கால்களை அலம்பிவிட்டு, அதே ஈரக்கையால் என் முகத்தையும் ஒரு வழி வழிப்பாள். பாத்திரம் தேய்த்த கையின் சொரசொரப்பு கன்னத்தில் உறைக்கும். எனக்குப் பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பெரியம்மா வீட்டில் ஆறு மணியானால் அந்தக் கன்னம் எதற்கோ காத்துக்கொண்டிருக்கும். இரண்டாம் நாளே தாங்க முடியவில்லை. குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிகிறவரை அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, சிரித்தேன். மறுநாளும் அப்படியே. தினம் இரண்டு வேளை குளிக்கிற சுத்தக்காரப் பெண் என்று பெரியப்பா கடையில் பெருமை பேசினாராம்.

அழுதால் தோற்றுவிடுவேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தோற்றால் மறுபடி மூவரில் ஒருத்தி. அம்மா தெருமுனைக் கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து தினமும் கூப்பிடுவாள். ‘சாப்டியாடி? தூங்கினியா? இன்னா பண்ற?’ என்று கேட்டுக்கொண்டே போவாள். ‘ம்’, ‘ம்’ என்று இரண்டு சொல்லிவிட்டு, அழுகை வருவதற்குள் ரிசீவரைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுவேன். எதிர்முனையில் அம்மாவுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

எட்டாம் நாள் ஞாயிறு. பதினோரு மணி வெயிலில் கேட்டைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள், இடுப்பில் தம்பி, ஒரு கையில் அக்கா. இன்னொரு கையில் மூடிபோட்ட சம்படம். மிளகாய்த்தூளும் உப்பும் போட்டுப் பிசைந்த மாங்காய் என்று திறக்காமலே எனக்குத் தெரிந்தது. வெயிலில் அவள் முகம் கறுத்துச் சின்னதாகியிருந்தது. கேட்டருகே நின்று, தம்பியைக் கீழே இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் காலியாக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஓடிவருவேன் என்று நின்றாள். என் கால் ஓடத்தான் பார்த்தது. வராண்டா கிரில்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

“வாங்க,” என்றேன்.

அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். “இன்னாடி, பெத்தவள வாங்க போங்கன்னுகினு?” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். ஒரு செருப்பின் வாரை அவிழ்க்க அவளுக்கு நெடுநேரம் ஆனது.

சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். அம்மா தம்பிக்கு ஊட்டிக்கொண்டே தானும் சாப்பிட்டாள். பெரியம்மா பரிமாறினாள். அம்மாவைப் பார்க்காமல், தட்டைப் பார்த்தபடி, நான் ஒரே யோசனையாக இருந்தேன். அழாமல் இருந்தாயிற்று. ஆனால் இவர்கள் கிளம்பும்போது அழுகை வந்துவிட்டால்? அதற்குள் என் பக்கம் முடிவாகிவிட வேண்டும். பெரியம்மாவுக்கு மிகவும் பிடித்த ஒன்றை இப்போதே எல்லோர் எதிரிலும் செய்துகாட்டிவிட வேண்டும். அது என்ன என்று எனக்கு எப்படித் தெரிந்ததோ, தெரிந்திருந்தது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிந்துவிடுகிறது.

“அம்மா, தண்ணி,” என்றேன்.

பருக்கை ஒட்டிய கையோடு அம்மா பாதி எழுந்துவிட்டாள். ஒரு நாளைக்கு மூன்று குரலில் முப்பது தடவை கேட்டுப் பழகிய உடம்பு அது.

“நீ இல்ல,” என்றேன். பெரியம்மாவைக் கைகாட்டினேன். “அந்த அம்மா.”

தம்பி அப்பளம் கேட்டான். அம்மா எழுந்த வாக்கிலேயே கொஞ்சநேரம் இருந்துவிட்டு மெல்ல உட்கார்ந்து அவனுக்கு அப்பளம் எடுத்துக் கொடுத்தாள். பெரியம்மா என் பூப்போட்ட டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினாள். அவள் முன்னாலேயே விட்டுவிட்டாளா, நான் சரியாகப் பிடிக்கவில்லையா தெரியாது, பாதித் தண்ணீர் புதுக் கவுனில் கொட்டிவிட்டது. அம்மா முந்தானையை எடுத்துக்கொண்டு துடைக்க வந்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்படி அவள் நின்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என்னைத் தொடலாமா கூடாதா என்று கேட்கிற மாதிரி பெரியம்மாவைப் பார்த்தாள்.

பெரியம்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம், “போ. போயி உங்கம்மாகிட்ட தொடச்சிக்கோ,” என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது என் பை அவள் கையில் இருந்தது. நான்கு கவுனும் மடித்து உள்ளே இருந்தன.

“இவளயும் கூட்டிகினு போ,” என்றாள் அம்மாவிடம். “ஸ்கூல் தொறக்கப்போவுது. போயி யூனிபார்ம் பாரு.”

“நான் ஒண்ணும் சொல்லலியேக்கா,” என்றாள் அம்மா.

“நீ சொல்லமாட்டடி. அதான் நான் சொல்றேன்.”

பெரியப்பா டிவி மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். “ஃபாரம்லாம் ஃபில் பண்ணி வெச்சிட்டனே…” என்று இழுத்தார். “அத்த கிழிச்சிப் போடு,” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அவர் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பதை மறந்து.

எனக்கு அநியாயமாக இருந்தது. பேசிய பேச்சு என்ன, நடக்கிறது என்ன! பெரியம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். “நான் அழவே இல்லியே பெரியம்மா! ஒரு நாள்கூட அழலியே! நீதான சொன்ன!” எட்டு நாளாக அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து அப்போதுதான் வெளியே வந்தது. பெரியம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் புடவையிலிருந்து பிரித்தாள், பேன் பார்க்கும்போது மயிரைப் பிரித்தது போல மெதுவாக. பிரித்து, அம்மாவின் கையில் வைத்தாள்.

ஷேர் ஆட்டோவில் அம்மா தம்பியை அக்காவின் மடியில் தள்ளிவிட்டு என்னைத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். எனக்கு நினைவு தெரிந்து அந்த இடம் எனக்குக் கிடைத்தது அன்றுதான். தாம்பரம் வரும்வரை அவள் திட்டவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. என் வயிற்றைச் சுற்றி இறுக்கியிருந்த கையைத் தளர்த்தவுமில்லை. அந்த மடியை அனுபவிக்காமல் நான் வழியெல்லாம் பெரியம்மா வீட்டுக்காக அழுதேன். இன்று எதை வேண்டுமானாலும் கொடுத்துவிட்டு அந்த இருபது நிமிஷத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். அம்மா போய் நான்கு வருஷமாகிறது. அன்றைய ‘நீ இல்ல’ பற்றி அவள் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை; நானும் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

பெரியம்மா இருக்கிறாள். போன மாதம் செம்பாக்கம் போயிருந்தபோது, என் சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அவளே பேச்சை எடுத்தாள்.

“நீ அழாமயா இருந்த? டெய்லி பாத்ரூம்ல குழாய தொறந்து வுட்டுட்டு அழுதுகினுதான் கெடந்த. எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சிகினு.”

“தெரிஞ்சுமா எட்டு நாள் வெச்சிருந்த?”

“நாளிக்கு நிறுத்திடுவ, நாளிக்கு நிறுத்திடுவன்னு பாத்துகினு இருந்தேன்,” என்றாள். அடுத்த கவளத்தை உருட்டினாள்.

ஏழு வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. வென்ற பிறகு ஏன் திருப்பி அனுப்பப்பட்டேன் என்று யோசித்து யோசித்து, கடைசியில் நானே காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். அன்றைக்குத் தண்ணீரைச் சிந்திவிட்டேன். புதுக் கவுனை நனைத்த பெண்ணை யார் வைத்துக்கொள்வார்கள்? அதன் பிறகும் பெரியம்மா ஞாயிறுதோறும் பழப்பையோடு வந்தாள். ஆனால் ஒன்றைக் கொடு என்று மட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் வந்து உட்கார்ந்ததும் நான் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு போய், அவள் எதிரிலேயே நின்று, ஒரு சொட்டுக் கீழே விழாமல் முழுசையும் குடித்துக்காட்டுவேன். குடித்து முடித்துக் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்பாள் என்று நின்றுகொண்டிருப்பேன்.